பழைய பத்திரிகைகளில் நம் பண்டிகைகளைத் தேடுவது எப்படி: பினாங்கிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

தைப்பூசம் நெருங்கும்போது பினாங்கு வீதிப் பக்கம் சில கேள்விகள் வருடா வருடம் எழும். வெள்ளித் தேர் போகும் பாதை எப்போதும் இதுதானா? வழி நெடுகச் சிதறு தேங்காய் உடைக்கும் வழக்கம் எந்தக் காலத்தில் இவ்வளவு பெரிதாயிற்று? சீனக் கடைக்காரர்கள் எப்போதிலிருந்து தங்கள் வாசலில் தேங்காய் குவித்து வைக்கிறார்கள்? பெரியவர்களைக் கேட்டால் "எங்க தாத்தா காலத்துலேயே இருந்துச்சு" என்பார்கள். அந்தத் தாத்தா காலத்தைத் தேதியோடு பிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. அது பழைய பத்திரிகை. பெரும்பகுதி வேலையை வீட்டில் உட்கார்ந்தே செய்துவிடலாம், செலவும் கிடையாது.

ஆனால் முறை தெரியாமல் இறங்கினால் இரண்டே நாளில் சலித்துப்போகும். தேடல் பெட்டியில் பண்டிகையின் பெயரைத் தட்டுகிறோம், நூற்றுக்கணக்கில் முடிவுகள் வந்து கொட்டுகின்றன, பாதிக்கு மேல் "இந்துக்கள் நேற்று விழாக் கொண்டாடினர்" என்கிற வகைச் செய்தியாக இருக்கிறது. பழைய வழக்கங்கள் அந்த மாதிரிச் செய்திக்குள் அதிகம் இருப்பதில்லை. பண்டிகைக்கு முந்தின பத்து நாளும் பிந்தின வாரமும் வந்த விளம்பரம், போலீஸ் அறிவிப்பு, வாசகர் கடிதம், நீதிமன்றச் செய்தி, இவற்றில்தான் அவை சிதறிக் கிடக்கின்றன. ஆகவே தேடலை நாட்காட்டியிலிருந்து தொடங்க வேண்டும். இந்த வழிகாட்டியின் மற்ற படிகள் எல்லாம் அதைச் சார்ந்தே வருகின்றன.

முதலில் கேள்வியைச் சிறிதாக்குங்கள்

"மலாயாவில் தீபாவளியின் வரலாறு" என்று கிளம்பினால் கரை சேர முடியாது. ஓர் ஊர், ஒரு பத்தாண்டு, கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் தீபாவளிக்கு முந்தின வாரம் பினாங்கில் துணிக்கடைகள் எதை விற்றன? பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்தவர்கள் எந்தச் சாலை வழியே நடந்தார்கள்? பினாங்கு நாகூர் தர்காவின் கந்தூரி விழாக் கொடி ஊர்வலத்துக்கு வாத்தியம் வாசித்தவர்கள் யார்? இப்படிக் கேட்டால்தான் பத்திரிகை பதில் சொல்லும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, பினாங்கின் பெருநிலப் பகுதியில் உள்ள புக்கிட் மெர்தாஜாமில் நடக்கும் புனித அன்னாள் திருவிழா. ஜூலை 26 என்று தேதி நிலையாக இருப்பதால் பஞ்சாங்கக் கணக்கே வேண்டாம். தமிழ்க் கத்தோலிக்கர்கள் பெருமளவில் போகும் விழா. எந்த ஆண்டை எடுத்தாலும் ஜூலை கடைசி இரண்டு வாரத்தைப் புரட்டினால் போதும். ஒரு விழாவில் கை பழகிவிட்டால் மற்றவை எளிது.

தேதியைப் பிடிப்பது

பலர் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தைப்பூசம் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் எங்கும் விழலாம். தீபாவளி அக்டோபர், நவம்பர். உங்களுக்கு வேண்டிய ஆண்டின் பௌர்ணமி, அமாவாசைத் தேதிகளை இணையத்தில் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். தைப்பூசத்துக்குத் தை மாதப் பௌர்ணமியை ஒட்டிய நாட்கள், தீபாவளிக்கு ஐப்பசி அமாவாசையை ஒட்டிய நாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் முன்பின் இருக்கும், ஆகவே குறித்த நாளுக்கு இருபுறமும் இடம் விடுங்கள்.

பொங்கலில் ஒரு நுட்பம் உண்டு. இன்று ஜனவரி 14 அல்லது 15 என்று பழகிவிட்டோம். நம் சூரிய நாட்காட்டிக்கும் ஆங்கில நாட்காட்டிக்கும் உள்ள சிறு வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து, சுமார் எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் என்று இந்தத் தேதி நகர்கிறது. விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி நாள் என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் வராது. 19ஆம் நூற்றாண்டுப் பத்திரிகையில் பொங்கலை 14ஆம் தேதி இதழில் தேடி ஏமாறாதீர்கள், 10ஆம் தேதியிலிருந்தே பாருங்கள்.

ரமலான், ஹஜ்ஜுப் பெருநாள், முஹர்ரம், மீலாது நாட்கள் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். ஹிஜ்ரி ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்றிக் கொடுக்கும் கணிப்பான்கள் இணையத்தில் நிறைய உள்ளன. பிறை பார்த்து முடிவு செய்த காலம் என்பதால் ஒரு நாள் தள்ளியிருக்கலாம்.

தமிழ்ப் பத்திரிகைகள் தலைப்பில் தமிழ் ஆண்டின் பெயரையும் போடும். அறுபதாண்டுச் சுழற்சியில் பிரபவ ஆண்டு 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. இதை வைத்து எண்ணினால் 1887 சித்திரையில் தொடங்கியது சர்வசித்து, 1935 சித்திரையில் தொடங்கியது யுவ. பழைய கோயில் அழைப்பிதழில் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்து ஆங்கிலத் தேதி இல்லாமல் போனாலும் இந்தக் கணக்குக் கைகொடுக்கும். அறுபது ஆண்டு முன்னா பின்னா என்பதைத் தாள், அச்சு, உபயக்காரர் பெயர்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

தேதி கிடைத்ததும் ஒரு தாளில் பத்து ஆண்டுக்கான பட்டியலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பினாங்குத் தைப்பூசம் என்றால் ஒரு நாள் போதாது. பினாங்கு வீதியில் நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) கோயில் வீட்டிலிருந்து வெள்ளித் தேர் புறப்படுவது முதல் நாள், தைப்பூசம் இரண்டாம் நாள், தேர் திரும்புவது மூன்றாம் நாள். முதல் நாளைச் செட்டிப்பூசம் என்று நம் ஊரில் சொல்கிறோம். மூன்று நாளும் அதற்குப் பிந்திய இதழ்களும் வேண்டும்.

எந்தப் பத்திரிகை, எங்கே

சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தொடங்குங்கள். இலவசம், பெயர்ப்பதிவு தேவையில்லை. 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ், மலாயா ட்ரிப்யூன் முதலிய ஏடுகளோடு பினாங்கிலிருந்து வந்த பினாங்கு கெஜட், ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ இதழ்களின் பல ஆண்டுகளும் அங்கே உள்ளன. பினாங்கு கெஜட் 1838இல் தொடங்கியது. ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ 1903இல் வந்தது. பினாங்குச் சீனர்கள் நடத்திய ஏடு என்பதால் ஊருக்குள் நடப்பதை வெள்ளைக்காரப் பத்திரிகைகளைவிட நெருக்கத்தில் பார்த்தது. பினாங்கு விழாக்களுக்கு நான் முதலில் புரட்டுவது எக்கோதான். கோலாலம்பூருக்கு 1896இல் தொடங்கிய மலாய் மெயில் உண்டு.

இனி தமிழ் ஏடுகள். 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு தொடங்கிய சிங்கை நேசன் வார இதழ் 1890 வரை வந்தது. அதன் பக்கங்களும் இதே தளத்தில் கிடைக்கின்றன. நம் மண்ணின் பழைய தமிழ் இதழியலைத் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாசல் இல்லை. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் அங்கே உண்டு. தலைப்பில் சிங்கப்பூர் என்று இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் தமிழ் முரசு மலாயா முழுவதற்குமான ஏடு. பினாங்கு, ஈப்போ, கிள்ளான், தோட்டப்புறச் செய்திகள் எல்லாம் அதில் வரும்.

கோலாலம்பூரின் தமிழ் நேசன் 1924இல் தொடங்கி 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. தொண்ணூறு ஆண்டுக்கு மேல் நம் வீட்டு விசேஷங்களைப் பதிந்த ஏடு அது. அதைப் பார்க்க நூலகத்துக்கு நேரில் போவதே நல்லது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னும் இரண்டு பக்க வாசல்கள். கோலாலம்பூரில் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்த்த யாழ்ப்பாணத் தமிழர்களின் விழாக்களைத் தேடினால் இலங்கையின் நூலகம் மின்னூலகத் தளத்தைப் பாருங்கள். 1889இல் தொடங்கிய இந்து சாதனம் போன்ற ஏடுகளின் வாசகர் வட்டம் கடல் தாண்டியும் இருந்தது. ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளமும் இலவசம். மலாயாவுக்கு வந்துபோன பயணிகள் எழுதிய வர்ணனைகள் அங்குள்ள நாளேடுகளில் கிடைக்கும்.

தேடு சொற்கள்

ஆங்கில ஏடுகளில் நம் பெயர்களுக்கு நிலையான எழுத்து இல்லை. தைப்பூசத்தை டி-எச் போட்டும், எச் இல்லாமலும், தை தனி பூசம் தனியாகவும், பூசத்துக்கு யு போட்டும் இரண்டு ஓ போட்டும் தேட வேண்டும். தீபாவளிக்கு இரண்டு ஈ, ஒரு ஐ, கடைசியில் ஐ, கடைசியில் இரண்டு ஈ என்று எல்லாம் உண்டு. வட இந்தியர் சொல்லும் திவாலியையும் சேர்த்துத் தேடுங்கள். காவடிக்குக் கே-யும் சி-யும், கடைசியில் ஐ-யும் ஒய்-யும். முஹர்ரத்துக்கு எம்-க்குப் பிறகு ஓ வரும், யு வரும்.

பண்டிகைப் பெயரே இல்லாத செய்திகளும் ஏராளம். அவற்றை இடத்தின் பெயரால் பிடிக்கலாம். தண்ணீர்மலைக் கோயிலை ஆங்கில ஏடுகள் வாட்டர்ஃபால் என்றே எழுதின, ஆகவே வாட்டர்ஃபால் கோயில், வாட்டர்ஃபால் சாலை என்று தேடுங்கள். செட்டி என்பதை இ போட்டும் ஐ போட்டும் பாருங்கள். தமிழர்களைக் குறிக்க அந்த ஏடுகள் கிளிங் என்ற சொல்லைத் தாராளமாகப் போட்டன. இன்று அது நமக்கு வசைச்சொல். வலித்தாலும் தேடலில் அதைச் சேர்க்காவிட்டால் 19ஆம் நூற்றாண்டுச் செய்திகளில் பெரும்பகுதி கண்ணில் படாது.

அப்புறம் கணினி எழுத்தைப் படிக்கும் விதம். பழைய அச்சு மங்கியிருக்கும், தாள் மடிந்திருக்கும். யு-வை என்-ஆகவும், இ-யை சி-யாகவும் கணினி படித்துவிடும். தேடி எதுவும் கிடைக்கவில்லை என்றால் செய்தியே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். ஆண்டை மட்டும் குறுக்கி, "ஊர்வலம்", "கோயில்", "இந்து" போன்றவற்றுக்கான பொதுவான ஆங்கிலச் சொற்களைப் போட்டுப் பாருங்கள். அதுவும் சரிவரவில்லையா, பட்டியலில் உள்ள தேதியைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

தமிழ் ஏடுகளுக்கு நான் தேடல் பெட்டியை நம்புவதே இல்லை. பழைய தமிழ் அச்சில் ணை, லை, னை எல்லாம் கொம்பு வளைந்த பழைய வடிவில் இருக்கும், றா, னா, ணா எழுத்துகளும் வேறு மாதிரி இருக்கும். கணினிக்கு அவை பிடிபடுவது கடினம். தேதியைத் திறந்து கண்ணால் வாசிப்பதே நம்பகமான வழி. தொடக்கத்தில் தடவித் தடவித்தான் படிக்க வரும், சில இதழ்களில் கண் பழகிவிடும்.

பக்கத்தை வாசிப்பது

நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் கட்டுரை, விளம்பரம், கடிதம், படம் என்று வகை பிரித்துப் பார்க்கும் வசதி உண்டு. பெரும்பாலோர் கட்டுரையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். என் கருத்தில் விளம்பரம்தான் முதலில் பார்க்க வேண்டியது.

ஏன்? செய்தியாளர் தனக்கு வியப்பாகப் பட்டதை எழுதுவார். வியாபாரி மக்கள் உண்மையில் வாங்குவதை விளம்பரம் செய்வார். தீபாவளிக்கு முந்தின வாரத் தமிழ் ஏட்டில் எந்தத் துணிக்கு எத்தனை வெள்ளி (டாலர்), பட்டா பருத்தியா, ஆயத்த ஆடையா தைத்துக்கொள்ளும் துணியா, பட்டாசு யார் கடையில், என்ன படம் எந்தக் கொட்டகையில் வெளியாகிறது, இவற்றை வரிசையாகப் பத்து ஆண்டுக்குக் குறித்துப் பாருங்கள். எண்ணெய்க் குளியலுக்கு வீட்டில் காய்ச்சிய எண்ணெயிலிருந்து கடைத் தைலத்துக்கும், வீட்டுப் பலகாரத்திலிருந்து டின் பிஸ்கட்டுக்கும் மாறுகிற காலம் விளம்பரத்தில் வருடம் தெரியப் பதிவாகும். வாழ்த்து விளம்பரங்களையும் விடாதீர்கள். யார் யாருக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள், சீன முதலாளியின் கடை தமிழில் வாழ்த்துப் போடுகிறதா, எந்த ஆண்டிலிருந்து போடுகிறது? ஊரில் யாரோடு யார் கொண்டாடினார்கள் என்பதற்கு இது நல்ல தடயம். தீபாவளி மலர், பொங்கல் மலர் என்று வரும் சிறப்பிதழ்களில் இந்த வகை ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும்.

அடுத்து, அரசு அறிவிப்புகள். போலீஸ் ஊர்வலத்துக்குக் கொடுத்த அனுமதி, எந்தத் தெரு எத்தனை மணிக்கு மூடப்படும், வண்டிகள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற விவரம் அதில் இருக்கும். தேர் போன பாதையைக் கண்டுபிடிக்க இதைவிடத் துல்லியமான சான்று கிடையாது. கிடைக்கும் தெருப்பெயர்களைப் பழைய வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள். வாட்டர்ஃபால் சாலை இன்று ஜாலான் கெபுன் புங்கா, பினாங்கு வீதி லெபோ பினாங்கு. பாதை எப்போது மாறியது, எந்தத் தெரு விடுபட்டது என்பது இரண்டு அறிவிப்புகளை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். கோலாலம்பூர்க்காரர்கள் பத்துமலைக்குப் போன சிறப்பு ரயில் அறிவிப்புகளைத் தேடலாம். கட்டணம், நேரம், எத்தனை நடை என்று பார்த்தால் கூட்டம் எந்த அளவுக்கு எதிர்பார்க்கப்பட்டது என்று கணிக்கலாம். பத்துமலையில் தைப்பூசம் 1892இலிருந்து கொண்டாடப்படுகிறது, ஆகவே தேட நிறையவே இருக்கிறது.

விடுமுறைப் பட்டியலையும் கவனியுங்கள். சிங்கப்பூரில் தீபாவளி பொது விடுமுறையானது 1929இல். அப்போது பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தன. ஆகவே 1928, 1929, 1930 மூன்று ஆண்டின் பட்டியல்களையும் அதைப் பற்றிய கடிதங்களையும் சேர்த்து வாசியுங்கள். விடுமுறை கேட்டவர்கள் யார், எதிர்த்தவர்கள் யார், கேட்டதற்குச் சொன்ன காரணம் என்ன என்று பார்த்தால் அன்றைய தமிழர்கள் தங்கள் பண்டிகையை எப்படி எடைபோட்டார்கள் என்பது விளங்கும். தைப்பூசம் சிங்கப்பூரின் விடுமுறைப் பட்டியலிலிருந்து 1968இல் நீங்கியது, கோலாலம்பூரில் 2008இல் சேர்ந்தது. இந்த ஆண்டுகளை ஒட்டிய இதழ்களும் வளமானவை.

நீதிமன்றச் செய்திகளைப் பலர் நினைப்பதே இல்லை. அனுமதியின்றி மேளம் அடித்ததற்கு அபராதம், பட்டாசு வெடித்ததற்கு வழக்கு, கோயில் நிர்வாகச் சண்டை, இவற்றில் எல்லாம் வழக்கம் ஒன்று ஒளிந்திருக்கும். நள்ளிரவில் மேளம் அடித்ததற்கு ஒருவருக்கு அபராதம் விதித்தார்கள் என்றால், நள்ளிரவில் மேளம் அடிக்கும் பழக்கம் இருந்தது என்று பொருள். பினாங்கு முஹர்ரம் பற்றித் தேடுபவர்களுக்கு 1867 முக்கியமான ஆண்டு. அந்த ஆகஸ்டில் நடந்த பினாங்குக் கலவரத்தில் சீன ரகசியச் சங்கங்களோடு முஸ்லிம்களின் வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடிச் சங்கங்களும் கைகோத்து நின்றன. முஹர்ரம் கொண்டாட்டங்களில் முன்னின்றவர்கள் அந்தக் கொடிச் சங்கத்தார்தான். அதன் பிறகு ஊர்வலங்கள் மீது அரசின் பார்வை எப்படி மாறியது என்பதை அடுத்தடுத்த ஆண்டுகளின் முஹர்ரம் இதழ்களில் பின்தொடருங்கள். பினாங்கின் போரியா ஆட்டப்பாட்டமும் முஹர்ரத்தோடு பிறந்ததே. பின்னாளில் அது தனிக் கலையாகப் பிரிந்து போன பாதையையும் அங்கே பார்க்கலாம்.

யார் எழுதுகிறார் என்று பார்ப்பது

காவடியைப் பற்றி எழுதிய ஆங்கிலச் செய்தியாளருக்கு அலகு மட்டுமே கண்ணில் படும். பால்குடமும் நேர்த்திக்கடனும் விரதமும் படாது. அவர் ஒரு வாரம் முன்னால் வீட்டுக்குள் வந்து பார்த்திருக்க மாட்டார். ஆகவே அவர் எழுதாததை "அன்று இல்லாதது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நேரம், இடம், கூட்டம், காவல் என்று புறத்தே தெரியும் விவரங்களுக்கு அவரை நம்புங்கள். பொருளுக்கு நம்பாதீர்கள்.

தமிழ் ஏட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கி மலாயாவைச் சுற்றினார். அதன் பின் இங்கே சீர்திருத்த இயக்கம் வலுத்தது. தமிழ் முரசு அந்த இயக்கத்தின் மடியில் வளர்ந்த ஏடு. அலகுக் காவடி, தீமிதி போன்றவற்றைக் கண்டித்து அதில் எழுதினார்கள். கண்டனக் கட்டுரை என்று ஒதுக்காமல் நிதானமாக வாசியுங்கள். ஒரு வழக்கத்தை நிறுத்தச் சொல்பவர் அதை விவரமாக வர்ணித்துவிடுவார், ஆதரிப்பவர் எழுதும் மறுப்புக் கடிதம் இன்னும் விவரமாக இருக்கும். ஒரே ஆண்டின் தைப்பூசத்தை எக்கோவிலும் முரசிலும் அருகருகே வைத்து வாசிப்பதே இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

போர்க்காலத்தையும் தனியாகக் கவனியுங்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்தார்கள், 1945 செப்டம்பர் வரை இருந்தார்கள். அந்த ஆண்டுகளின் ஏடுகள் ஆட்சியாளர் அனுமதித்ததை மட்டுமே எழுதின. 1948 முதல் 1960 வரை கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டிய அவசரகாலம், ஊரடங்கு. விழா சுருங்கியதா, பகலுக்கு மாறியதா, நின்றுபோய்ப் பின் மீண்டதா என்பதை அறிவிப்புகளிலிருந்துதான் கட்ட வேண்டும்.

ஒரு தேடலை முழுதாகச் செய்து பார்ப்போம்

கேள்வி இது: மலாயாவில் பொங்கல் எப்போது வீட்டு வாசலைத் தாண்டி மேடைக்கு வந்தது?

நமக்குத் தெரிந்த நிலையான ஒரு புள்ளி 1952. அந்த ஆண்டில் சாரங்கபாணி முன்னின்று தமிழர் திருநாளைத் தொடங்கினார். சாதி, சமய வேறுபாடு பாராமல் எல்லாத் தமிழரும் பொங்கலை ஒட்டி ஒன்றுகூட வேண்டும் என்பது நோக்கம். இதை நடுவில் வைத்து இருபுறமும் நடங்கள்.

முதலில் பின்னோக்கி. 1948 முதல் 1951 வரை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 5 முதல் 20 வரை தமிழ் முரசைத் திறந்து, பொங்கல் என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று குறியுங்கள். விளம்பரமா, தலையங்கமா, சங்க அறிவிப்பா? கூட்டம் நடந்தது என்றால் எங்கே, யார் தலைமை, என்ன நிகழ்ச்சி? பிறகு 1952 பொங்கலுக்கு, முந்தின ஆண்டு டிசம்பர் நடுவிலிருந்தே வாசியுங்கள். பெரிய விழாவுக்கு அறிவிப்பு முன்கூட்டியே வந்துவிடும். அடுத்து 1953 முதல் 1960 வரை முன்னோக்கி. பினாங்கு, பட்டர்வொர்த், கோலாலம்பூர், தோட்டங்கள் என்று ஊர்வாரியாகப் பட்டியல் போடுங்கள். பேச்சுப் போட்டி, நாடகம், விளையாட்டு, கோலப்போட்டி என்று எந்த நிகழ்ச்சி எந்த ஆண்டில் புதிதாக வருகிறது என்று குறியுங்கள். கடைசியாக அதே தேதிகளில் ஆங்கில ஏடுகளைப் பாருங்கள். அவர்கள் அதை அறுவடைத் திருநாள் என்கிறார்களா, இந்து விழா என்கிறார்களா, தமிழர் விழா என்கிறார்களா? ஆண்டுவாரியாக அந்தப் பெயர் மாறுவதே ஒரு கதை.

இதே முறையில் வெள்ளித் தேரையும் தொடரலாம். அந்தத் தேர் 1894ஆம் ஆண்டுக்குரியது. நகரத்தார் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்திய சில ஆண்டுகளின் தைப்பூச வாரத்தில் பினாங்கு கெஜட் ஊர்வலத்தை எப்படி வர்ணிக்கிறது, தேர் வந்த பின் எப்படி வர்ணிக்கிறது என்று ஒப்பிடுங்கள். பின்னர் 2017இல் தங்கத் தேர் வந்தபோது ஊருக்குள் நடந்த பேச்சையும் ஏடுகளில் பாருங்கள். ஒரே சாலையில் இரண்டு தேர் என்ற நிலை எப்படி ஒழுங்குக்கு வந்தது என்பது நம் கண்முன்னே நடந்த வரலாறு.

நேரில் போக வேண்டியவை

இணையத்தில் ஏறாத ஆண்டுகள் நிறைய உண்டு. கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள மலேசியத் தேசிய நூலகமும், ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில் உள்ள தேசிய ஆவணக் காப்பகமும் முதல் இடங்கள். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஹம்சா செண்டுட் நூலகம் உண்டு. போகும் முன் மின்னஞ்சலில் ஏட்டின் பெயர், ஆண்டு, மாதம் மூன்றையும் எழுதிக் கேளுங்கள். "பழைய தமிழ்ப் பத்திரிகை இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் சரியான பதில் வராது. அடையாள அட்டை, பென்சில், குறிப்பேடு போதும். மைக்ரோஃபிலிம் சுருளைப் பார்க்கும்போது சுருள் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த முறை நேரம் மிச்சமாகும். சுருள் கண்ணை அயர்த்தும். ஒரு வேளைக்கு ஒரு மாதத்து இதழ்கள் என்று அளவு வைத்துக்கொள்வது நல்லது.

சிங்கப்பூர்த் தளத்திலும் சில பிந்திய ஆண்டுப் பக்கங்கள் அந்த நூலகக் கட்டடத்துக்குள் உள்ள கணினியில் மட்டுமே திறக்கும். அங்கே போகும் உறவினர் யாராவது இருந்தால் தேதிப் பட்டியலைக் கொடுத்தனுப்புங்கள்.

குறித்து வைப்பது

ஏட்டின் பெயர், தேதி, பக்க எண், வகை, எந்த ஊர், சொல்லப்பட்ட வழக்கம், அப்படியே எடுத்த ஒரு வரி, இணைப்பு. இத்தனையும் ஒரு விரிதாளில் போதும். உங்கள் ஊகத்துக்குத் தனி நெடுவரிசை வையுங்கள். செய்தியும் ஊகமும் ஒரே கட்டத்தில் கலந்துவிட்டால் ஆறு மாதம் கழித்து எது எது என்று உங்களுக்கே தெரியாது. தேடியும் கிடைக்காத தேதிகளையும் எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் அதே இடத்தை மீண்டும் தோண்டுவீர்கள்.

சிங்கப்பூர் ஏட்டில் பினாங்குச் செய்தி வந்திருந்தால் அச்சான தேதியையும் சம்பவம் நடந்த தேதியையும் தனித்தனியாகக் குறியுங்கள். தந்தி வருவதற்கு முன் செய்தி கப்பலில் போய்ச் சேர நாளாகும், சில நேரம் பினாங்கு ஏட்டில் வந்ததை அப்படியே எடுத்து ஒரு வாரம் கழித்துப் போடுவார்கள்.

பெரியவர்களிடம் கொண்டுபோவது

பக்கத்தின் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கையில் கொடுங்கள். "பழைய தைப்பூசம் எப்படி இருந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். "ஆச்சி, இதுல தேர் இந்தத் தெரு வழியா போச்சுன்னு போட்டிருக்கு, உங்க கிட்டங்கி வாசல்ல நிக்குமா? அர்ச்சனைத் தட்டு யார் எடுத்துட்டு வருவாங்க?" என்று கேளுங்கள். தெருப்பெயரைக் கேட்டதும் கடைகளின் வரிசை, அன்று பந்தியில் போட்டது, மழை பெய்த ஆண்டு எல்லாம் அவர்களுக்கு நினைவுக்கு வரும். ஏட்டில் இருப்பதும் அவர்கள் சொல்வதும் முரண்பட்டால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், அங்கேயே திருத்த வேண்டாம். அவர்கள் சொன்ன விவரத்தை வைத்து வேறு தேதியைத் திறந்தால் பல நேரம் இருவரும் சொன்னது வெவ்வேறு ஆண்டு என்று தெரியவரும்.

பெண்களை அவசியம் கேளுங்கள். பழைய ஏடுகளில் ஊர்வலம் இருக்கும், சமையலறை இருக்காது. விரதச் சாப்பாடு, முளைப்பாரி, மஞ்சள் நீர், பிள்ளைகளுக்குத் துணி எடுத்த கதை எல்லாம் அவர்களிடம் மட்டுமே இருக்கின்றன. அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்து, தேதி போட்டு, உங்கள் விரிதாளில் அந்தச் செய்தியின் பக்கத்திலேயே இணைப்பை வையுங்கள்.

கோயில், தர்கா, தேவாலய அலுவலகங்களில் பழைய அழைப்பிதழ்களும் கணக்கேடுகளும் இருக்கக்கூடும். பினாங்கில் முகமதிய, இந்து அறநிலைய வாரியம் 1906இலிருந்து இயங்கியதால், பழைய கோயில், பள்ளிவாசல் நிர்வாகம் பற்றிய செய்திகளை அந்த வாரியத்தின் பெயராலும் ஏடுகளில் தேடலாம். அலுவலகத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். அவர்கள் கோயிலைப் பற்றி நீங்கள் கண்டெடுத்த பக்கங்களை அச்செடுத்து, ஏட்டின் பெயரும் தேதியும் கீழே எழுதிக் கொடுங்கள். அவர்களே பீரோவைத் திறந்து மற்றதைக் காட்டுவார்கள்.

பிறருக்குப் பகிரும்போது பக்கத்தின் படத்தை வெளியிட அந்தந்தத் தளத்தின் உரிமை விதியைப் படித்துக்கொள்ளுங்கள். நியூஸ்பேப்பர்எஸ்ஜியில் ஒவ்வொரு கட்டுரைக்கும் நிலையான இணைப்பு உண்டு, அதை எடுத்துப் போட்டால் போதும். வெட்டி ஒட்டிய படத்தில் ஏட்டின் பெயரும் தேதியும் இல்லாமல் வாட்ஸ்அப்பில் சுற்றவிட வேண்டாம். இன்னொருவர் அதை எடுத்து மேலே தேட நினைத்தால் அவருக்கு வேண்டியது அந்த இரண்டு விவரங்கள்தான்.